ஏணிச்சரிவுக்குத் தொண்ணூறு கிலோ

மேலக்கரட்டில் ஒருவர் மனதில் வைத்திருப்பதற்கும் எடை உண்டு. அரிசி ஆலையின் எடைமேடையில் ஏறி நின்றால் இரண்டு முட்கள் நகரும். கறுப்பு முள் உடம்பைக் காட்டும், சிவப்பு முள் மனதில் இருப்பதைக் காட்டும். உரியவரிடம் இறக்கி வைக்கும்வரை, அல்லது உரியவரே மன்னிப்புக் கேட்கும்வரை, அது குறையாது. ஊருக்கு வரும் பேருந்தில் நடத்துநர் ஆள் ஏறும்போதே முகத்தைப் பார்த்து, "அக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க, வண்டி சாயுது" என்று பிரித்து உட்காரவைப்பார். ஒரே கிணற்றுக்கு வழக்காடும் அண்ணன் தம்பியை ஒரே இருக்கையில் உட்காரவைத்த ஒரு புது நடத்துநரை மறுநாளே வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மலையில் ஒரு தடம் உண்டு. அடிவாரத்தில் பெயர்ப்பலகை இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பதிவேட்டில் பெயர் உள்ள அத்தனை பேரும், வீட்டு மாப்பிள்ளை உட்பட, ஒரே வண்டியில் ஏறித் தங்கள் தடத்தின் வழியாக உச்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவர வேண்டும். கையெழுத்து விழுந்த தடம் வண்டிக்குப் பின்னாலேயே வீடுவரை வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போகும். போகாவிட்டால் பலகையில் பெயரை அழித்து, மனுப் போட்டிருக்கும் அடுத்த குடும்பத்துக்குத் தடத்தைக் கொடுத்துவிடுவார்கள். தடம் இல்லாத வீட்டுக்கு மலை தெரியாது. எதிர்வீட்டுக்காரர்கள் தடத்தை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அவர்கள் மாடியில் நின்று மேற்கே பார்த்தால் வானம் மட்டும்தான் இருக்கும். அந்த வீட்டு அம்மாள் துணி காயப்போடும்போது கிழக்கே பார்த்துக்கொண்டே காயப்போடுவாள்.

ஆவுடைநாயகி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். இருபத்தொரு வருடமாக ஓட்டுகிறாள். காலையில் சமையலறை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். மலையின் நெற்றியில் மஞ்சு இறங்கியிருந்தால் பிள்ளைகளை ஏற்ற பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவாள். பாறை தெளிவாகத் தெரிந்தால் இன்னொரு வாய் காப்பி குடிப்பாள். அந்த ஜன்னலில் வெறும் வானம் இருந்தால் எப்படிக் கிளம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கணவர் கழுகாசலத்தின் குடும்பத் தடத்துக்கு அந்த ஆனி மாதத்தோடு கெடு முடிவதாக இருந்தது. போன முறை மாமனாரின் ஜீப்பில் போனார்கள். ஜீப் இப்போது இல்லை. பதிவேட்டில் ஐந்து பெயர்கள் இருந்தன: ஆவுடை, கழுகாசலம், மகள் செண்பகம், கழுகாசலத்தின் அக்கா வடிவு, வடிவின் கணவர் திரவியம்.

திரவியம் பதினோரு வருடமாக அந்தக் குடும்பத்தோடு பேசுவதில்லை.

ஆவுடை வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பத்திரிகை வைக்கப் போனவர் கழுகாசலம். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று கொடுக்க வேண்டிய பத்திரிகையை, கேட்டில் தொங்கிய பால் பைக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலை பால்காரர் அதன்மேல் இரண்டு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். திரவியம் ஈரப் பத்திரிகையை வெயிலில் காயவைத்து, மடித்து, இன்றுவரை பீரோவில் வைத்திருக்கிறார்.

வைகாசிக் கடைசியில் ஆவுடை கணவரைக் கூட்டிக்கொண்டு பிலேந்திரனின் வண்டிக்கூடத்துக்குப் போனாள். பிலேந்திரன் மலைத்தடத்தில் ஓடும் பக்கி வண்டிகளை மட்டும் விற்பவன். கதவு இல்லாத, இரும்புக் கூண்டு போட்ட வண்டிகள். ஊரில் அவற்றை மலைவண்டி என்பார்கள். வந்தவர்களிடம் எத்தனை பேர் என்று அவன் முதலில் கேட்பதில்லை.

"மனசுல எவ்வளவு அக்கா?" என்று கேட்டான்.

"இன்னும் நிறுக்கல" என்றாள் ஆவுடை.

"நிறுத்துட்டு வாங்க. உடம்பு எடை எல்லா வண்டியும் தாங்கும்."

மறுநாள் அவள் திரவியம் வீட்டுக்குப் போனாள். தட்டு எடுத்துப் போகவில்லை. திரவியம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். அவள் கைகளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"வடிவு, வந்தவங்கள உக்காரச் சொல்லு."

"உக்காரு ஆவுடை" என்றாள் வடிவு.

"அண்ணாச்சி, தடத்துக்குக் கெடு முடியுது. நீங்க வரணும்."

"வடிவு, எதுல வரணும்னு கேளு."

"மலைவண்டியில மைனி. அதுக்கு முன்னால ஆலையில ஒருக்கா நிறுக்கணும்."

"நிறுக்கட்டும்" என்றார் திரவியம் செய்தித்தாளிடம். "எல்லாரும் பாக்கும்படியா நிறுக்கட்டும். ஆனா முன் சீட்டுன்னாத்தான் வருவேன். பின்னால உக்காந்து போறதுக்கு நான் என்ன சாக்கு மூட்டையா?"

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஆலையில் நிறுத்தார்கள். செண்பகத்தின் சிவப்பு முள் நாலைக் காட்டியது. திருச்சியில் கிடைத்த வேலைக்கு அம்மா விடவில்லை என்பது அதில் பெரும்பகுதி. வடிவுக்குப் பதினொன்று. கழுகாசலம் ஏறியபோது சிவப்பு முள் அசையவே இல்லை. அவர் மனதில் எதுவும் நிற்காது. கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதுகூட நிற்காது, வாசலில் இருந்து திரும்பி வந்து கேட்பார். ஆவுடைக்கு ஏழு காட்டியது.

"யம்மா, ஒனக்கு என்ன ஏழு கிலோ?" என்று கேட்டாள் செண்பகம்.

"அது என்னோடது. நீ தள்ளு" என்றாள் ஆவுடை.

கடைசியாகத் திரவியம் ஏறினார். இஸ்திரி போட்ட வேட்டி, தோளில் துண்டு. கறுப்பு முள் அறுபத்திரண்டில் நின்றது. சிவப்பு முள் ஆடி ஆடி எண்பத்தேழில் நின்றது. ஆலைக்கு நெல் கொண்டுவந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரவியம் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டு இறங்கினார்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை மதில் ஓரமாக நின்றபடி யோசனை சொன்னார். அந்தத் தடத்துக்கு அடுத்ததாக மனுப் போட்டிருப்பவர் அவர்தான். அவர் வீட்டில் ஆறு பேருக்கும் சிவப்பு முள் சைபர். தோன்றியதையெல்லாம் தோன்றிய இடத்திலேயே சொல்லிவிடும் குடும்பம்.

"சமாதானமாப் போயிருங்க தாயி" என்றார். "லேசாப் போனா எந்த வண்டியும் ஏறும். ஆமா, அந்தத் தடத்துல அட்டைப்பூச்சி ரொம்ப இருக்குமோ?"

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான். அடுத்து நாங்கதான போகணும். எம் பெயரு நீளம்லா, பலகை அளவும் பாக்கணும்."

ஆவுடை மறுபடி பிலேந்திரனிடம் போனாள். அவன் மூன்று வண்டிகளைக் காட்டினான். முதல் வண்டி சிவப்பு, புதுசு, பாய்ச்சலாக ஓடும். கழுகாசலம் அதன் முன்விளக்கைத் தடவியபடியே நின்றார். ஆவுடை குனிந்து அடியில் பார்த்தாள். ஊஞ்சல்போல ஆடும் மெல்லிய கம்பிகள்.

"முன்னால எம்பத்தேழு ஏறினா?"

"மூணாவது வளைவுல அச்சு முறியும்" என்றான் பிலேந்திரன். அவன் பொய் சொல்வதில்லை. விற்பவன் மனதில் பொய் இருந்தால் வண்டியை வெளியே ஓட்டிக் காட்டும்போது அதுவும் எடையாக ஏறும்.

இரண்டாவது, ஆறு பேர் உட்காரும் நீல வண்டி. எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். ஆவுடை அதை முழம் போட்டு அளந்தாள். அவர்கள் தடத்தில் ஆனைக்கால் இடுக்கு என்று இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. நீல வண்டி அதற்குள் நுழையாது.

மூன்றாவது ஒரு ஓரமாக, மண் நிறத்தில் நின்றது. ஒடுங்கலான வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். என்ஜின் முதுகுப் பக்கம். ஆவுடை சாவியைத் திருப்பினாள், முதல் திருகலிலேயே பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். பதினேழு முறை திருப்பினாள், பதினேழு முறையும் பிடித்தது. ரேடியேட்டர், ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தது. மாற்று பெல்ட் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. எல்லாத் திருகாணிக்கும் ஒரே ஸ்பானர் போதும்.

"இத ஏன் யாரும் எடுக்கல?"

"மூக்கு லேசு அக்கா. என்ஜின் பின்னால இருக்குலா. ஒங்க தடத்துல இருக்க ஏணிச்சரிவு மாதிரி செங்குத்துல முன் சக்கரம் தூக்கிரும். முன் சீட்டுல, ஓட்டுறவருக்குப் பக்கத்துல இருக்கவர் மனசுல தொண்ணூறு கிலோ வச்சிருந்தாத்தான் தரையில நிக்கும். சமாதானமான குடும்பத்துக்கு இது ஆகாது, மல்லாத்திரும்."

"மணல் மூட்டை வச்சா?"

"மூட்டைக்கு அனுமதி இல்ல. ஆளும், ஆளு மனசுல வச்சிருக்கதும் மட்டும்தான்."

"சீட்டுக்கு முள் இருக்கா?"

"ஸ்டீரிங் பக்கத்துல பாருங்க. முன் சீட்டுக்காரர் மனச மட்டும் காட்டும்."

ஆவுடை மண்நிற வண்டியை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவரை உட்காரவைத்துச் சொன்னாள்: "நல்லாக் கேட்டுக்கிடுங்க. உச்சிக்குப் போய்ச் சேருற வரைக்கும் ஒங்க அத்தான்கிட்ட மன்னிப்புக் கேக்கப்பிடாது."

"சரி" என்றார் கழுகாசலம். "நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

இன்னும் மூன்று கிலோ வேண்டியிருந்தது. ஆவுடை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், பயணத் தேதியையும் நேரத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே செய்தியாகப் போட்டாள். கடைசி வரியில் 'மற்றும் திரவியம் அவர்கள்' என்று சேர்த்தாள். சாயங்காலம் வடிவு கூப்பிட்டாள்.

"ஏளா, 'மற்றும்'னு போட்டுருக்கியே. மனுஷன் மத்தியானம் சாப்பிடல. ஆலைக்கு அவரே நடந்துபோய் நிறுத்துட்டு வந்துட்டாரு."

"எவ்வளவு மைனி?"

"தொண்ணூத்தாறு."

"சாப்பிடச் சொல்லுங்க" என்றாள் ஆவுடை.

ஆனி கடைசி ஞாயிறு. லேசாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் பொன்னுத்துரை ஒரு புதுப் பலகையையும் பெயிண்ட் டப்பாவையும் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். ஆவுடையும் சொன்னாள். திரவியம் முன் இருக்கையில் ஏறியதும் வண்டியின் மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது. ஆவுடை நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினாள். எல்லோருடைய பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தாள். பள்ளிப் பிள்ளைகளை எண்ணுவதுபோல ஐந்து பேரையும் எண்ணிவிட்டுக் கிளப்பினாள்.

தொட்டியோடையில் தண்ணீர் வண்டியின் தளம்வரை வந்தது. வண்டி இருமக்கூட இல்லை. வழுக்கு மண்ணில் நான்கு சக்கரமும் தனித்தனியாக யோசித்துக் கால் வைத்தன. ஆனைக்கால் இடுக்கில் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம்தான் இருந்தது. வடிவு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள், வண்டியும் இழுத்துக்கொண்டது. உரசாமல் வெளியே வந்தார்கள்.

"வடிவு, ஓட்டுறவங்களுக்குக் கை நல்லா வருதுன்னு சொல்லு" என்றார் திரவியம். முள் தொண்ணூற்றாறிலேயே இருந்தது.

பிறகு ஏணிச்சரிவு வந்தது. நூறு அடிக்கு ஒரே பாறை, படுக்க வைத்த ஏணியை யாரோ தூக்கி நிறுத்தத் தொடங்கிப் பாதியில் விட்டதுபோல. ஆவுடை முதல் கியரில் போட்டு ஒரே சீராக ஏற்றினாள். பாதி தூரம் ஏறியாயிற்று. வலது பக்கம் மேகம் விலகி, கீழே ஊரும் ஆலையின் தகரக்கூரையும் குளமும் மொத்தமாகத் தெரிந்தன. கழுகாசலத்துக்கு மனம் இளகிவிட்டது.

"அத்தான்" என்றார் பின்னாலிருந்து.

"ஏங்க, சொன்னேன்லா!" என்றாள் ஆவுடை.

"என்ன சொன்ன?" என்று உண்மையாகவே கேட்டார் கழுகாசலம். பிறகு முன்னால் குனிந்து, "அத்தான், அன்னைக்குப் பத்திரிகையப் பால் பையில போட்டது எந் தப்புதான். நீங்க வார வரைக்கும் வாசல்ல காத்துக் கெடந்து, தட்டுல வச்சுக் குடுத்துருக்கணும். மனசுல வச்சிக்கிடாதீங்க அத்தான்" என்றார்.

திரவியம் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடை மெல்ல அசைந்தது.

"வடிவு" என்றார். "ஒந் தம்பி என்ன சொல்லுதான்னு கேட்டியா?"

முள் எண்பதுக்கு இறங்கியது. அறுபத்துநாலுக்கு இறங்கியது. முன் சக்கரங்கள் பாறையை விட்டு எழுந்தன. ஆவுடை முன்னால் பார்த்தாள். பாறை இல்லை, தடம் இல்லை, வெறும் வானம். எதிர்வீட்டு மாடியில் தெரியும் அதே வானம். முள் நாற்பத்தொன்றில் இருந்தது. திரவியம் துண்டின் நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

ஆவுடை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, அவங்க மேல தப்பு இல்ல. பால் பையில போடச் சொன்னது நான்."

துண்டு பாதி வழியில் நின்றது.

"காத்துருந்து குடுத்துட்டு வாரேன்னுதான் அவங்க போன்ல சொன்னாங்க. அதுக்கெல்லாம் நேரமில்ல, பால் பையில போட்டுட்டு வாங்க, வந்தா வரட்டும்னு நான்தான் சொன்னேன்."

பதினோரு வருடமாக அவள் சுமந்த ஏழு கிலோவும் அந்த இடத்தில் இறங்கின. அவளுடைய இருக்கை ஒரு விரல்கடை உயர்ந்தது. பக்கத்து இருக்கை கீழே போனது. முள் எழுபதைத் தாண்டியது.

"வந்தா வரட்டுமா?" என்றார் திரவியம், நேராக அவளைப் பார்த்து.

"ஆமா அண்ணாச்சி. வரலைன்னா ஒரு எலை மிச்சம்னும் நெனச்சேன்."

"எலை மிச்சமா!"

முள் நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. முன் சக்கரங்கள் இரண்டும் பாறையில் அறைந்து பிடித்தன. அந்தப் பிடிப்பில் மண்நிற வண்டி ஏணிச்சரிவின் மீதி ஐம்பது அடியையும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை படியேறுவதுபோல ஏறியது. செண்பகம் கூண்டுக் கம்பியைத் தட்டிக் குலவை போட்டாள். வடிவும் சேர்ந்துகொண்டாள்.

"நீயா சொன்ன?" என்று கேட்டார் கழுகாசலம். "எனக்கு ஞாபகமே இல்லையே."

உச்சியில் தடக் காவலர் மைதீன் பிச்சை குடைக்குக் கீழே பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். தலைகளை எண்ணினார், ஐந்து. வண்டியைச் சுற்றி வந்து மூட்டை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். முதலில் ஆவுடை கையெழுத்துப் போட்டாள். மேற்கில் மலை அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தாள்.

திரவியம் இறங்கியதும் வண்டியின் மூக்கு உயர்ந்தது. அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நேரே பதிவேட்டுக்குப் போனார்.

"மைதீனு, எழுதிக்கோ. நூத்திப் பன்னெண்டு கிலோ. நான் இல்லைன்னா இந்தத் தடம் இல்ல."

"அதுக்குக் கட்டம் இல்லையே அண்ணாச்சி."

"ஓரத்துல எழுது."

மைதீன் பிச்சை ஓரத்தில் எழுதினார். திரவியம் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு ஆவுடையிடம் வந்தார்.

"தங்கச்சி" என்றார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். "இத நான் எறக்கி வைக்கிறதா இல்ல. இன்னும் பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு கிலோ கொறையாமப் பாத்துக்கிடுதேன். அடுத்த தடவைக்கும் வேணும்லா?"

"வேணும் அண்ணாச்சி."

"நீ கவலப்படாம வண்டிய மட்டும் நல்லா வச்சுக்கோ."

இறங்கும்போது திரவியம் பின்னால் உட்கார்ந்தார். இறக்கத்தில் கனம் பின்னால் இருக்க வேண்டும் என்று பிலேந்திரன் சொல்லியிருந்தான். சாக்கு மூட்டை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அடிவாரத்தில் பொன்னுத்துரை தன் பலகையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "வயித்தெரிச்சலா இருக்கு" என்றார். சொன்னதும் அவருக்குச் சரியாகிவிட்டது. எழுந்து கைகொடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை ஆவுடை சமையலறை ஜன்னலைத் திறந்தாள். மலை இருந்தது. நெற்றியில் மஞ்சு இல்லை. இன்னொரு வாய் காப்பிக்கு நேரம் இருந்தது. பால் எடுக்க வாசலுக்குப் போனாள். கேட்டில் தொங்கிய பையில், இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு பத்திரிகை இருந்தது. திரவியம் பேத்திக்குக் காதுகுத்து. நன்றாக நனைந்திருந்தது. அவள் அதைப் படித்தாள், ஈரத்தை முந்தானையில் ஒற்றி எடுத்தாள். திரும்பி நடந்தபோது செருப்பு வழக்கத்தைவிட அழுத்தமாகப் பதிந்தது. மூன்று நாலு கிலோ இருக்கும். அடுத்த தடவைக்கு நல்ல தொடக்கம்தான்.

கையெழுத்து விழுந்த தடம் அவர்கள் பின்னாலேயே வந்து முற்றத்தில் படுத்திருந்தது. ஓடைத் தண்ணீர் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனைக்கால் பாறைகள் இரண்டும் துளசி மாடத்துக்கு அந்தப் பக்கம் இடம் பிடித்திருந்தன. தெருவில் முதல் பேருந்து வழி இல்லாமல் நின்று ஹாரன் அடித்தது. ஆவுடை போய், கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தடத்தின் நுனியை மடித்து உள்ளே போட்டுவிட்டு வந்து, பாலை அடுப்பில் வைத்தாள்.